விடுதலைப் பத்திரம் கேட்டு வந்தவர்

இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பயந்துபோனதற்காக அல்ல. ஆனாலும் நடந்தது நடந்ததுதான். ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

போன ஜனவரி, ஒரு வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில் இந்த வீட்டை வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மனைவி எழிலரசி, மகள் வெண்பாவைப் பாட்டு கிளாசுக்கு அழைத்துப் போயிருந்தாள். வெளியே அரையடிப் பனி. ஆபீஸ் வேலையை முடித்து லேப்டாப்பை மூடினேன். மணி 5.40.

டொக்... டொக்... டொக்.

காலிங் பெல் இருக்க, யாரோ கதவைத் தட்டினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு கறுப்பர். கிழிந்த நீலக் கோட்டு. அந்தப் பனியில் காலில் ஷூ இல்லை, கந்தல் சுற்றியிருந்தார். கந்தலில் ரத்தம்.

"சார், பிரிட்டிஷ்காரனோட சண்டை முடிஞ்சிடுச்சு," என்றார் ஆங்கிலத்தில். "உங்க மகனுக்குப் பதிலா நான் போனேன். விடுதலைப் பத்திரம் தர்றேன்னு சொன்னீங்களே..."

எனக்கு மகனே கிடையாது.

அவர் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. ஒரு போர்வையாவது கொடுத்திருக்கலாம். என் கண்ணுக்குத் தெரிந்தது அவருடைய நிறம் மட்டும்தான். தாழ்ப்பாளைப் போட்டேன்.

"போயிடு. போலீசைக் கூப்பிடுவேன்."

"சரிங்க, எஜமான்."

5.46. போலீசுக்கு போன் செய்தேன்.

டொக்... இப்போது மெதுவாக.

பிறகு இன்னும் கீழே... கதவின் அடியில்.

நகத்தால் சுரண்டும் சத்தம்.

5.58. நின்றுவிட்டது.

போலீஸ் வந்தபோது வாசலில் யாரும் இல்லை. பனியில் கால்தடம் கதவுவரை வந்திருந்தது.

திரும்பிப் போகவில்லை.

மறுவாரம் ஊர் லைப்ரரிக்குப் போனேன். பழைய ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் வசந்தாமணி ஆன்ட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இருநூறு வருஷத்துக்கும் முன்னாடி, அமெரிக்கா பிரிட்டிஷ்காரனோட சண்டை போட்ட காலத்துல, அங்க ஒரு ஃபார்ம் இருந்துச்சுப்பா. ஓனர், விடுதலை தர்றேன்னு சொல்லி, தன் பையனுக்குப் பதிலா அடிமையைச் சண்டைக்கு அனுப்பினான். ஏழு வருஷம் கழிச்சு அவர் திரும்பி வந்தப்போ கதவைத் திறக்கலை. காலையில வாசல்ல விறைச்சுக் கிடந்தார்."

ஆன்ட்டி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ திறந்தியா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"உனக்கு முன்னாடி அந்த வீட்டுல மூணு ஃபேமிலி இருந்தாங்க. மூணு பேரும் இங்க வந்து இதையேதான் சொன்னாங்க. ரெண்டு பேர் நம்ம ஊர்க்காரங்க."

ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒருத்தர்கூடத் திறக்கலைப்பா."