வாய் தவறிய வசனம்

அம்மாவின் மொழியில் நாடகம், அப்பாவின் மொழியில் சினிமா என்று அந்த நடிகை முப்பத்திரண்டு வருஷம் ஓட்டிவிட்டாள். சினிமாக்காரர்கள் அவள் பேச்சில் அம்மா மொழியின் வாடை அடிக்கிறது என்பார்கள். நாடகக்காரர்களுக்கோ அப்பா மொழியின் வாடை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை டப்பிங் இருந்தது. மகனை வீட்டை விட்டு விரட்டும் ஒரே வசனத்தைப் பதினேழு தடவை பேசினாள். கடைசியில் சவுண்ட் என்ஜினியர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்க பேச்சு கொஞ்சம் வெளியூர் மாதிரி இருக்காம். வேற ஆளை வச்சுப் பேசிக்கலாம்னு டைரக்டர் சொல்லிட்டாரு."

வாதாடத் தெம்பில்லை. "சரிப்பா" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நாடக அரங்குக்குப் போனாள்.

மாலைக் காட்சியில் புருஷனாக நடிப்பவர், சட்டையைத் தேய்த்து வைக்கவில்லை என்று மேடையில் கத்தினார். அவள் சமாதானம் சொல்ல வேண்டிய இடம் அது. வாயைத் திறந்ததும், காலையில் பேசிய மொழியில் "வெளியே போடா!" என்று வந்து விழுந்தது.

அவளோடு இருபது வருஷம் நடித்த அந்த மனிதர் அசரவில்லை.

"கோவம் வந்தா போதும், உங்கப்பன் பாஷை வந்துருமே உனக்கு!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

திரை விழுந்ததும் நாடகக் கம்பெனி முதலாளி ஓடிவந்தார். "பிரமாதம்மா! இனிமே தினமும் அதையே வச்சுக்கலாம்."

"அது அசதியில தானா வந்ததுங்க. நடிச்சா வருமான்னு தெரியல."

வந்தது. அடுத்த எண்பது காட்சிகளிலும் அதே இடத்தில் வாய் தவறினாள். ஒவ்வொரு முறையும் கைதட்டல் ஓயும்வரை அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. கால்தான் கடுத்தது.