கெட்டியான இரத்தம்

பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக ஊசி பிடித்த கை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அந்தக் கை சைக்கிளைப் பிடிக்கும். ஒன்பது பேர் சேர்ந்து ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி மேடு வரை மிதித்துவிட்டு வருவார்கள். அதில் ஒருவன் அவளுடைய கொழுந்தன்.

தொலைக்காட்சியில் வரும் மலைப் பந்தயங்களை அவள் தவறவிட்டதில்லை. ஒரு வீரன் மேல் அவளுக்குத் தனிப் பிரியம். மேட்டில் தொடை எரியும்போது, அவன் இதைவிடப் பத்து மடங்கு தாங்குகிறான் என்று சொல்லிக்கொண்டே மிதிப்பாள். களைப்பு தெரியாமலிருக்க இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் ஊக்கமருந்தைப் பல வருடமாக ஏற்றிக்கொண்டதாக அவன் ஒப்புக்கொண்ட அன்று, சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

"ஊசி போட்டுக்கிட்டது அவன். உனக்கு எங்க வலிக்குது?" என்றார் கணவர்.

களைப்பே இல்லாத ஒருவனோடு தன் களைப்பை இத்தனை காலம் ஒப்பிட்டிருக்கிறோமே என்ற அவமானம்தான் அவளுக்கு வலித்தது. அதன்பிறகு யார் ஜெயித்தாலும் அவள் கைதட்டவில்லை.

கொழுந்தனுக்குக் குழுவில் வைத்த பெயர் 'கடைசிப் பெட்டி'. மற்றவர்கள் மேட்டில் ஏறி இளைப்பாறி முடித்த பிறகுதான் வந்து சேர்வான். அந்த வருடம் அவன் திடீரென்று முன்னால் போக ஆரம்பித்தான். "கடைசிப் பெட்டி இன்ஜின் ஆயிடுச்சுடா!" என்று எல்லோரும் கத்தினார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் உச்சிக்குப் போனதும் மூச்சு வாங்காமல் அவன் பேசிக்கொண்டு நின்றது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

அலுவலகத்தின் வருடாந்திரப் பரிசோதனைக்கு அவன் அவளிடமே வந்தான். ஊசி ஏறியும் இரத்தம் குழாயில் சோம்பலாகத்தான் இறங்கியது. கருஞ்சிவப்பு. இயந்திரம் காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஓட்டினாள். அதே எண். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. ஆண்களுக்கு ஐம்பதைத் தாண்டினாலே டாக்டர்கள் புருவம் உயர்த்துவார்கள்.

அறைக் கதவைச் சாத்தினாள். "என்னடா போட்டுக்கிற?"

அவன் மறைக்கவில்லை. "ஜிம்முல ஒருத்தர் தர்றாரு. பெரிய பந்தயக்காரங்களே போடுறாங்க, அண்ணி. நமக்கென்ன கோப்பையா தரப் போறாங்க? நான் யாரை ஏமாத்துறேன்?"

"இது உடம்புக்குள்ள ஓடணும்டா. இப்படிக் கெட்டியானா எங்கயாவது அடைச்சுக்கும். இன்னைக்கே டாக்டரைப் பாரு."

"பாக்குறேன். வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க."

அறிக்கையில் 'உடனே மருத்துவரைப் பார்க்கவும்' என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தாள். அவன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். தினமும் போன் செய்து கேட்டாள். "போயிட்டு வந்துட்டேன், அண்ணி" என்றான். நம்பவும் முடியவில்லை, அவன் மனைவியிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மேட்டின் பாதியில் அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த அவன் சைக்கிள் மெல்ல ஓரத்துக்குச் சாய்ந்தது. தன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தாள். வலது கை பிடியை விட்டுத் தொங்கியது. "அ... அ..." என்றான்; அண்ணி என்று முடிக்க வரவில்லை.

ஆம்புலன்ஸில் இருந்தவரிடம் மருந்து விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னாள். அதனால்தான் பிழைத்தான் என்று பிறகு டாக்டர் சொன்னார். பேச்சு பாதி திரும்பியது. கை திரும்பவில்லை.

மருத்துவமனை வராந்தாவில் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, அவள் எதிரில் வந்து நின்றாள்.

"உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும், அக்கா?"

"பன்னிரண்டு நாளா."

ஓரகத்தி திரும்பி வார்டுக்குள் போனாள். அன்றிலிருந்து அவளோடு பேசுவதில்லை.

நான்காம் நாள் கொழுந்தன் இடது கையால் அவளை அருகில் அழைத்தான். "நான்... மட்டும்... இல்ல." யார் யார் என்று கேட்டதற்கு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அன்றே குழுவில் மீதி இருந்த ஏழு பேருக்கும் போன் செய்து, பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னாள். நான்கு பேர் வந்தார்கள். நான்கும் சரியாக இருந்தன. மற்ற மூவரும் வேலை இருக்கிறது என்றார்கள். ஒரு வாரம் கழித்து அவள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஞாயிறும் அந்த மூவரும் மேடு ஏறினார்கள் என்று கேள்விப்பட்டாள்.