பெரிய மாமாவுக்கு ஒரு சோடி சப்பாத்து

சின்ன மாமா ஒரு சீனப் பெண்ணைக் கலியாணம் செய்துகொண்டதை அம்மாவால் வெகுகாலம் சீரணிக்க முடியவில்லை. தம்பிக்கென்று ஊரில் இருந்து எத்தனையோ சாதகங்களை வரவழைத்துப் பொருத்தம் பார்த்து வைத்திருந்தார். மாமாவோ டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் தன்னோடு வேலை செய்தவரைக் கூட்டிக்கொண்டு வந்து, இவர்தான் என்று சொல்லிவிட்டார். பிறகு அவர்கள் வைலே நகரில் எங்கள் தெருவுக்கே குடிவந்ததும் அம்மாவின் கோபம் மெல்ல இறங்கி, வெறும் குறைசொல்லலில் வந்து நின்றது.

அம்மாவுக்கும் மாமிக்கும் பொதுவாக இருந்த மொழி டேனிஷ் ஒன்றுதான். இருவருக்குமே அது அரைகுறை. சுற்றிவளைத்துக் கதைக்கும் அளவுக்கு இருவரிடமும் சொற்கள் இல்லாததால், எதையும் நேரடியாகவே கேட்டுக்கொள்வார்கள்.

எனக்கு மாமியின் வீடு பிடித்திருந்தது. அங்கே எல்லாவற்றுக்கும் ஓர் அர்த்தம் இருந்தது. கதவில் ஒட்டியிருந்த சிவப்புக் கடுதாசியில் அதிர்ஷ்டம் என்ற எழுத்து தலைகீழாக இருக்கும். அவருடைய மொழியில் தலைகீழ் என்பதும் வந்துவிட்டது என்பதும் ஒரே மாதிரி ஒலிக்குமாம். பியர்ஸ் பழத்தை வெட்டிப் பங்குபோட மாட்டார். அப்படிச் சொன்னால் அவருடைய மொழியில் பிரிவு என்று ஒலிக்குமாம். எங்கள் வீட்டிலும் எல்லாவற்றுக்கும் அர்த்தம் இருந்ததுதான். ஆனால் ஏன் என்று கேட்டால் 'சும்மா இரு' என்பார்கள். மாமி கேட்டதற்குப் பதில் சொல்வார்.

எனக்கு எட்டு வயதான அந்தக் குளிர்காலத்தில் சீனாவில் மாமியின் அப்பா இறந்துபோனார். மாமிக்குப் பிள்ளை பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. போக முடியவில்லை. தொலைபேசியின் சின்னத் திரையிலே செத்தவீட்டைப் பார்த்தார். அன்று அம்மா சோறும் பருப்பும் காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதன்பிறகு மாமியைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்கவில்லை.

ஏப்ரலில், அவர்கள் ஊரில் கல்லறைகளைத் துப்புரவாக்கும் நாள் வந்தது. கல்லறைக்குப் போக முடியாதவர்கள் இறந்தவருக்குத் தேவையானதைக் கடுதாசியில் செய்து எரிப்பார்களாம். புகையாகப் போய்ச் சேர்ந்துவிடுமாம். சீனாவில் கடைகளிலேயே கடுதாசிச் சட்டை, கடுதாசிக் கார் எல்லாம் விற்குமாம். வைலேயில் எங்கே போவது? அதனால் மாமி என்னைக் கூப்பிட்டுப் படம் கீறச் சொன்னார். தடித்த குளிர்ச்சட்டை, றேடியோ, தேநீர்க் கேத்தல், மூக்குக் கண்ணாடி. அவர் சொல்லச் சொல்ல நான் கீறி நிறம் தீட்டினேன். அவருடைய அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் றேடியோவைப் பெரிதாகக் கீறச் சொன்னார்.

பின்வளவில் இறைச்சி வாட்டும் அடுப்பை வைத்து, அதைச் சுற்றி என்னுடைய சோக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். வேறு ஆவிகள் வந்து பறிக்காமல் இருக்க அந்த வட்டம். சீனா இருக்கும் பக்கம் மட்டும் வழிவிட வேண்டும். அது எந்தப் பக்கம் என்று சின்ன மாமா தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொன்னார். வேலையிடத்தில் எல்லோரும் வசதிக்காக ஒரு டேனிஷ் பெயரால் கூப்பிடும் மாமி, அன்று நெருப்பின் முன்னால் நின்று தன் மொழியில் அப்பாவைக் கூப்பிட்டார். அவ்வளவு உரத்த குரல் அவருக்கு இருந்தது அதுவரை எனக்குத் தெரியாது. வேலிக்கு அப்பால் இருந்த டேனிஷ்காரர் புகையைக் கண்டு எட்டிப் பார்த்து, நாங்கள் இறைச்சி வாட்டுகிறோம் என்று நினைத்து, நன்றாகச் சாப்பிடுங்கள் என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

கூட வந்திருந்த அம்மா என் காதருகே குனிந்தார். "எங்கட திவசம் மாதிரித்தான். நாங்கள் சோறு படைக்கிறம், அவை கடுதாசி எரிக்கினம்."

குளிர்ச்சட்டை போனது. கேத்தல் போனது. மாமி அழுதுகொண்டே ஒவ்வொன்றாகக் கொடுத்தார். அப்போதுதான் நான் என் சட்டைப்பைக்குள் இருந்த கடுதாசியை எடுத்து நீட்டினேன். மண்ணிறத்தில், நாடா கட்டிய ஒரு சோடி சப்பாத்து.

இது யாருக்கு என்று மாமி கேட்டார். பெரிய மாமாவுக்கு என்றேன்.

பெரிய மாமா அம்மாவின் அண்ணன். நான் அவரைக் கண்டதில்லை. இறந்துபோனவர்களின் படங்கள் எங்கள் வீட்டுச் சாமி அறையில் மாலையோடு இருந்தன. பெரிய மாமாவின் படம் மட்டும் வரவேற்பறையில், எங்கள் பள்ளிக்கூடப் படங்களின் நடுவே மாலையில்லாமல் தொங்கியது. அதில் அவர் வெறுங்காலோடு ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கே இருக்கிறார் என்று கேட்டால், "தூரத்தில" என்பார் அம்மா. ஊரில் நடந்த சண்டையின் கடைசி மாதங்களில் அவரைப் பற்றிய சேதி நின்றுபோனது என்பதெல்லாம் நான் வளர்ந்தபின் அறிந்தவை. அன்று எனக்குத் தெரிந்தது, தூரத்தில் இருப்பவர்களுக்குப் பொருள் அனுப்ப மாமி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார் என்பது மட்டுமே.

மாமி கடுதாசியை நெருப்பில் போடவில்லை. அம்மாவைப் பார்த்து டேனிஷில் கேட்டார்.

"அவர் இறந்துவிட்டாரா?"

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியைத் தமிழில் யாரும் கேட்டதில்லை. அப்பா கேட்டதில்லை, சின்ன மாமா கேட்டதில்லை. சின்ன மாமா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். அம்மா நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியாது" என்றார் கடைசியில். அதையும் டேனிஷில்தான் சொன்னார்.

மாமி சப்பாத்துப் படத்தை நாலாக மடித்து, இரண்டு கைகளாலும் அம்மாவிடம் கொடுத்தார். அம்மாவும் இரண்டு கைகளாலும் வாங்கினார். கொஞ்ச நேரம் இருவரும் கைகளை எடுக்கவில்லை. பிறகு மாமி திரும்பி, தன் அப்பாவின் றேடியோவை நெருப்பில் வைத்தார்.

எனக்கு அழுகை வந்தது. எல்லாப் படமும் போனது, நான் ஆசையாகக் கீறியது மட்டும் போகவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது அம்மாவின் கையை உதறினேன்.

"ஏன் அதை அனுப்பேல்லை? வடிவில்லையா?"

"வடிவாத்தான் கீறியிருக்கிறாய்."

"அப்ப ஏன்?"

அம்மா நின்று, என் ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். அது ஏற்கெனவே பூட்டித்தான் இருந்தது.

"மாமா வரட்டும். வந்து கையில வாங்கட்டும்."

என் அழுகை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. கொப்பன்ஹேகனில் இருந்து ரயிலில் வருவாரா, என்னோடு டேனிஷில் கதைப்பாரா, எங்கே படுப்பார் என்று வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தேன். இரவு என் அறையில் இருந்த பொம்மைகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, அவருக்கு இடம் பண்ணினேன். அம்மா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

டேனிஷ் பள்ளிக்கூடத்துப் பிள்ளையான எனக்கு அப்போது தமிழ் அவ்வளவு பிடிபடாது. அம்மா 'வரட்டும்' என்றுதான் சொன்னார். எனக்கு அது 'வருவார்' என்று கேட்டது.