மொட்டை மாடியில் ஒரு கை

கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவரை எல்லோரும் 'மேல்வீட்டுக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய வீடெல்லாம் இல்லை, கிரேன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஓர் இருக்கை, இரண்டு கைப்பிடிகள், ஒரு வாக்கி டாக்கி, ஒரு தண்ணீர் பாட்டில், பக்கத்திலேயே ஒரு காலி பாட்டில். காலி பாட்டில் எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். முப்பத்திரண்டு மாடி உயரத்தில் கழிப்பறை யார் கட்டி வைத்திருக்கிறார்கள்? காலை ஏழு மணிக்கு ஏணியில் ஏறினால் மாலை ஆறு மணிக்குத்தான் மனிதர் தரைக்கு வருவார்.

வயது ஐம்பத்து நான்கு. இந்த ஊரில் அவர் தூக்கி நிறுத்தும் ஐந்தாவது கட்டடம் இது. முதல் கட்டடத்தின்போது கூண்டிலிருந்து ஆறு தெரிந்தது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் குன்று தெரிந்தது. இரண்டாவது கட்டடம் குன்றை முழுங்கியது. மூன்றும் நான்கும் சேர்ந்து ஆற்றை மறைத்தன. மறைத்தது யாரோ இல்லை, இவரேதான். ஒருமுறை ஆசைப்பட்டு, தான் கட்டிமுடித்த கட்டடத்தைப் பார்க்கப் போனார். வாசல் காவலாளி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாரைப் பாக்கணும்?" என்றான். கட்டடத்தைத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

அறைக்குத் திரும்பினால் அங்கேயும் பேச ஆளில்லை. மனைவி போய் ஆறு வருஷமாகிறது. மகன் எங்கோ தூரத்தில் இருக்கிறான், ஞாயிறு தவறாமல் போன் பண்ணுவான். "சாப்ட்டீங்களாப்பா?" "சாப்ட்டேன்." "உடம்பு?" "நல்லாருக்கு." அதற்கு மேல் இருவருக்குமே விஷயம் தட்டுப்படாது. நாள் முழுக்க அவர் காதில் விழும் ஒரே குரல் கீழே நிற்கும் சிக்னல்காரருடையது. கூண்டிலிருந்து பார்த்தால் கொக்கி எங்கே இறங்குகிறது என்பது பாதி நேரம் தெரியாது. சிக்னல்காரர் வாக்கி டாக்கியில் "இடது, இன்னும் இடது, நிறுத்து, இறக்கு" என்று சொல்லச் சொல்ல, இவர் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதுதான்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு துணை கிடைத்திருந்தது. அடுத்த தெருவில் ஒரு நாலு மாடிக் கட்டடம். அதன் மொட்டை மாடியில் நீலத் தண்ணீர்த் தொட்டி, கால் உடைந்த நாற்காலி, பத்துப் பதினைந்து செடித் தொட்டிகள். தினமும் எட்டு மணிக்கு ஓர் அம்மா மேலே வருவார். அறுபது வயதிருக்கலாம். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். ஊற்றிவிட்டு நிமிர்ந்து, கையில் ஒரு துண்டோடு வானத்தைப் பார்த்து ஆட்டுவார். முதல் நாள் மேல்வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். இரண்டாம் நாள் பதிலுக்குக் கை ஆட்டினார். அன்று தொடங்கி இரண்டு வருஷமாக, எட்டேகால் மணிக்கு என்ன பாரம் தொங்கினாலும் அரை நிமிஷம் நிறுத்திவிட்டு அவர் கை ஆட்டாத நாளில்லை.

கட்டடம் இருபது மாடியைத் தாண்டியபோது அதன் நிழல் அந்த மொட்டை மாடியில் விழத் தொடங்கியது. அந்த அம்மா தொட்டிகளை ஒவ்வொன்றாக வெயில் இருக்கும் மூலைக்கு நகர்த்தினார். பிறகு அடுத்த மூலைக்கு நகர்த்தினார். நிழலின் சொந்தக்காரர் யார் என்று இவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கை ஆட்டுவதை அந்த அம்மா நிறுத்தவில்லையே, கோபமில்லை போலிருக்கிறது என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த அம்மா வரவில்லை. புதனும் வரவில்லை. சனிக்கிழமைக்குள் செடிகள் தலை தொங்கிவிட்டன. மேல்வீட்டுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓர் இரும்புக் கம்பிக் கட்டைத் தவறான மாடியில் கொண்டுபோய் வைத்து, எஞ்சினியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. சட்டை மாற்றிக்கொண்டு தேடக் கிளம்பினார். அடுத்த தெருதானே, என்ன பெரிய விஷயம்? தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அவருக்கு இந்த ஊரின் கூரைகள் அத்தனையும் அத்துப்படி. எந்தத் தொட்டி ஒழுகும், எந்தக் கம்பியில் யார் போர்வை காயும் என்றுகூடச் சொல்வார். ஆனால் ஒரு வாசலும் தெரியாது. கீழே நின்றால் நீலத் தொட்டி எங்கே தெரிகிறது? கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார், எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி அழுக்கு மஞ்சளாக நின்றது. ஒரு கடைக்காரரிடம் கேட்டார்: "நீல டேங்க், கால் ஒடிஞ்ச நாற்காலி இருக்கற வீடு எதுங்க?"

"எங்க வீட்டு டேங்க் என்ன கலர்னே எனக்குத் தெரியாதுங்க" என்றார் கடைக்காரர். அவர் பார்த்த பார்வை அவ்வளவு நன்றாக இல்லை.

அறைக்குத் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்தார். இரண்டு வருஷமாகத் தினமும் பார்த்த ஒரு மனுஷிக்கு ஏதாவது ஆகியிருந்தால், போய் நிற்க ஒரு வாசல்கூடத் தெரியவில்லையே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மகன் போன் பண்ணினான். சாப்பிட்டேன் என்றார்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம். சிக்னல்காரரிடம் வாக்கி டாக்கியில் விஷயத்தைச் சொன்னார். சிக்னல்காரர் நாற்பது வயதுக் குடும்பஸ்தர், வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மனசு தங்கம்.

"சரிண்ணே, நான் போறேன். நீங்க மேலேர்ந்து வழி சொல்லுங்க" என்றார்.

சிக்னல்காரரின் வெள்ளை ஹெல்மெட் தெருவில் ஊர்ந்தது. "நேரா போ. இடது. இன்னும் இடது. நிறுத்து. ரெண்டு கட்டடம் தள்ளிப் போயிட்ட, திரும்பு."

"இப்ப நான்தான் கொக்கியாண்ணே?"

"வாயை மூடிட்டு நட. அதேதான். அந்தக் கதவுதான்."

ஹெல்மெட் உள்ளே போனது. கால்மணி நேரம் பேச்சுமூச்சில்லை. மேல்வீட்டுக்காரர் கொண்டுவந்த சோற்றைத் தொடவே இல்லை. கடைசியில் வாக்கி டாக்கி கரகரத்தது.

"அண்ணே, ஒண்ணும் ஆகல. நல்லாருக்காங்க. கண்ணு ஆபரேஷன் பண்ணிருக்காங்களாம், படி ஏறக்கூடாதுன்னு சொல்லிட்டாங்களாம். கூட இருக்கற தங்கச்சிக்கு மூட்டு வலி, அதான் செடிக்குத் தண்ணி ஊத்த ஆளில்ல."

அவருக்கு உயிர் வந்தது. "நான் கேட்டேன்னு சொன்னியா?"

"சொன்னேன்." சிக்னல்காரர் கொஞ்சம் இழுத்தார். "அண்ணே, வருத்தப்படாதீங்க. அவங்களுக்கு ரெண்டு கண்ணுலயும் புரையாம். எதிர் மாடியே மங்கலாத்தான் தெரியுமாம். துண்ட ஆட்டுனது புறா விரட்டவாம். செடியெல்லாம் கொத்துதாம்."

இரண்டு வருஷம், ஒரு நாள் விடாமல், மேல்வீட்டுக்காரர் கை ஆட்டியது யாருக்கும் இல்லை. கூண்டு அன்றைக்குத்தான் அவ்வளவு சின்னதாகத் தெரிந்தது.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா? உங்களைப் பாக்கணும்னு அடம்புடிச்சு என் கையப் புடிச்சுக்கிட்டு மாடிக்கு வந்துட்டாங்க. பேசுங்க."

நீலத் தொட்டிக்குப் பக்கத்தில் ஹெல்மெட் தெரிந்தது. அதன் பக்கத்தில் அந்த அம்மா, முகத்தில் பெரிய கறுப்புக் கண்ணாடி.

"மேல இருக்கறது நீதானாப்பா?" குரலை இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறார்.

"ஆமாம்மா."

"தனியாவா இருக்க?"

"தனியாத்தாம்மா."

"நாள் பூராவுமா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா அண்ணாந்து பார்த்தார். "எதிர்ல மலை மாதிரி நிக்குதே, இது எப்ப வந்துச்சு? நான் மேகம் மூடிக்கிட்டு வருதுன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன். நீ கட்டறதா?"

"நான்தாம்மா. இன்னும் நாலு மாடி இருக்கு."

"அப்ப இந்தச் செடிக்கெல்லாம் வெயிலு?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தார். மனசு வரவில்லை. "வராதும்மா" என்றார்.

"ம்." திட்டப்போகிறார் என்று காத்திருந்தார். "சரி, கைய ஆட்டு. ஒரு கண்ணு இப்ப தெரியுது, பாக்கறேன். எந்தக் கிரேன்?"

"மஞ்சக் கலரும்மா."

தெருவின் மறுபக்கம் இன்னொரு கம்பெனி கட்டும் கட்டடத்திலும் ஒரு கிரேன் உண்டு, சிவப்பு. அதுதான் அந்த மாடிக்குக் கிட்டே. கறுப்புக் கண்ணாடி போட்டவருக்கு மஞ்சள் என்ன, சிவப்பு என்ன? மேல்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, பாதி உடம்பை வெளியே நீட்டி, தோள் கழன்றுவிடும்படி கை ஆட்டினார். அந்த அம்மா சிவப்புக் கிரேனைப் பார்த்துத் துண்டை ஆட்டினார்.

"அண்ணே, இவங்க அந்தப் பக்கம்…" என்று சிக்னல்காரர் தொடங்குவதற்குள், சிவப்புக் கிரேனின் ஜன்னல் திறந்தது. உள்ளேயிருந்து ஒரு கை வெளியே வந்து ஆடியது. அந்தக் கைக்காரரின் முகத்தை மேல்வீட்டுக்காரர் இதுவரை பார்த்ததில்லை. அவரும் அங்கே தனியாகத்தான் இருப்பார்.

அந்த அம்மா சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தது வாக்கி டாக்கியில் கேட்டது. "ஆட்டுற, ஆட்டுற! தெரியுதுப்பா எனக்கு! நீதானே அது?"

மேல்வீட்டுக்காரர் கையை உள்ளே இழுத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

"ஆமாம்மா," என்றார். "நான்தான்."