சிவப்புப் பொத்தானை அழுத்தாதவர்

திங்கட்கிழமை காலை புதுப்பட்டினம் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது டிரைவர் ஏழுமலையிடமிருந்து போன் வந்தது. "கலாம்மா, வண்டி இன்னிக்கி நேரா கம்பெனிக்குப் போவல. திருக்கழுக்குன்றத்துல குணா சார் வூட்டுக்குத்தான் போவுது. நேத்து டூட்டி முடிச்சி வந்து நாற்காலில ஒக்காந்தாராம். அப்பறம் ஏந்திரிக்கவே இல்லியாம்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு என்ன டூட்டி? அவரோடு அதே பஸ்ஸில் போய்வந்த உங்களுக்காக இதை எழுதும்போதும் அந்தக் கோபம் அப்படியேதான் இருக்கிறது.

குணசீலன் சார் மறைமலைநகரில் நம் உதிரிபாகத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தார். நான் ஸ்டோரில். அலுவலகத்தில் பார்த்துக்கொண்டதைவிடப் பஸ்ஸில் பேசிக்கொண்டதுதான் அதிகம். அந்த நாளில் பஸ்ஸில் நடந்த பாட்டுச் சண்டையை மறந்திருக்க மாட்டீர்கள். முன் சீட்டுக்குச் சாமி பாட்டு வேண்டும், பின் சீட்டுக்குக் குத்துப்பாட்டு வேண்டும், நடுவில் பழைய பாட்டுக் கோஷ்டி ஒன்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். யார் கேசட் கொண்டுவருகிறாரோ அன்றைக்கு அவர் ராஜ்யம். ஒருநாள் கேசட்டைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்ததுவரை போயிற்று.

அதற்கு முடிவு கட்டுகிறேன் என்று குணசீலன் சார் ஒரு பெட்டியோடு வந்தார். கழித்துப்போட்ட கம்ப்யூட்டரின் பாகங்களை வைத்து அவரே சேர்த்தது. உள்ளே ஆயிரக்கணக்கில் பாட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் பச்சையும் சிவப்புமாக இரண்டு பொத்தான்கள். பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு. நாம் யாரும் சீட்டு மாறி உட்காருவதில்லை என்பதால், சீட்டை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டு, எந்த ஊர் தாண்டும்போது எந்தப் பாட்டைப் போடலாம் என்று பெட்டி தானாகவே கற்றுக்கொள்ளும் என்றார். "இதுக்குப் பேரு செயற்கை அறிவு" என்று சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஏழுமலை திரும்பிப் பார்த்து, "இன்னா சார், பல்செட்டு மாதிரியா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

பாட்டின் பெயரைத் தட்டித் தேடவும் ஒரு வசதி வைத்திருந்தார். அது நம்மைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. நல்ல மழை நாளில் மழைப் பாட்டு கேட்க ஆசைப்பட்டு ஆங்கில எழுத்தில் 'malai' என்று தட்டுவோம். பெட்டி அதை மலை என்று எடுத்துக்கொள்ளும், மாலை என்று எடுத்துக்கொள்ளும், மழையைத் தவிர எல்லாம் வரும். நாம் பெட்டியைத் திட்டினால் அவருக்குப் பொறுக்காது. "அது இன்னா பண்ணும் பாவம், நாமதான் மூணையும் ஒண்ணா எழுதறோம்" என்பார். யார் மீதும் குறை சொல்ல அவருக்கு வராது. அது நல்ல குணம் என்றுதான் நானும் அப்போது நினைத்தேன்.

பிறகு வந்தது அந்த வீணை. சத்தம் சரியாக வருகிறதா என்று சோதித்துப் பார்க்க அவரே போட்டுவைத்திருந்த ஒரு வாசிப்பு. பாட்டுகூட இல்லை. அது காலையிலும் வந்தது, மாலையிலும் வந்தது. மறுநாளும் வந்தது. விழித்திருந்த நாலு பேர் சிவப்பை அழுத்தி அழுத்தி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். "சார், இது இன்னா கல்யாண மண்டபமா? வண்டி ஓட்டிகினு இருக்கறனா, பந்தி பரிமாறிகினு இருக்கறனான்னே தெரியல" என்று ஏழுமலை புலம்பினார்.

குணசீலன் சார் குழம்பிப்போனார். "மத்தவங்க யாரும் வேணாம்னு சொல்லலையே கலா. எல்லாருக்கும் புடிச்சிருக்குன்னுதானே அது எடுத்துக்கும்?" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. "தூங்கறவங்க எப்படி சார் வேணாம்னு சொல்லுவாங்க? கொஞ்சம் திரும்பிப் பாருங்க" என்றேன். திரும்பிப் பார்த்தார். வாயைப் பிளந்தபடி, அடுத்தவர் தோளில் சாய்ந்தபடி, பஸ் முழுக்கத் தூக்கம். இத்தனை பேர் பேசாமல் இருந்ததைப் பெட்டி சம்மதம் என்று எண்ணிக்கொண்டு, விழித்திருந்த நாலு பேரைத் தோற்கடித்திருந்தது.

அதைத் திருத்த அவருக்கு வெகுநாள் பிடித்தது. முடித்த அன்று ஒன்று சொன்னார்: "பேசாம இருக்கறவங்களப் பத்தி நமக்கு ஒண்ணும் தெரியாது. இத ஒண்ணு அதுக்குப் புரியவெக்கறதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துடுச்சு." அவர் சொன்னவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எனக்கு மிகவும் எரிச்சல் மூட்டுவதும் இதுதான். ஒரு தகரப் பெட்டிக்கு இதைப் புரியவைத்த மனிதர், தன் விஷயத்தில் ஏன் இப்படி இருந்தார்?

ஸ்டோர் இருப்பையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை வந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளிலும் வரச்சொல்லி மேலாளர் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். நானும் அங்கே இருந்தேன். இவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நின்றுகொண்டிருந்தார். "அப்ப சரி" என்று மேலாளர் போய்விட்டார். அடுத்த ஞாயிறும் அப்படியே, அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. நெஞ்சு அடைப்பதுபோல் இருக்கிறது என்று செங்கல்பட்டில் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். ஓய்வெடுக்கச் சொன்னாராம். அதையும் என்னிடம்தான் சொன்னார், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை.

அன்று பஸ்ஸில் நான் அவரை விடவில்லை. "முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார். வாயத் தொறந்து சொன்னாத்தான அவங்களுக்குத் தெரியும்? உங்க பெட்டிக்குப் புரிஞ்சது உங்களுக்குப் புரியலையா?" என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தார். "எனக்கு அந்தச் செவப்புப் பட்டனே வெக்கலம்மா" என்றார். நகைச்சுவையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருக்கழுக்குன்றம் வரும்வரை நான் அவரோடு பேசவில்லை. அவர் இறங்கும்போது, "கோவமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அடக்கம் முடிந்து இரண்டாம் நாள் கேன்டீனில் இரங்கல் கூட்டம் நடந்தது. மேலாளர் பேசினார். உண்மையாகவே அவருக்குக் கண் கலங்கியிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். "குணசீலன் ஒருநாள்கூட முடியாதுன்னு சொன்னதில்ல. அப்படி ஒரு மனுஷன இனிமே பாக்க முடியாது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அது பாராட்டா? ஒரு மனிதர் செத்துப்போன காரணத்தையே எடுத்து அவருக்கு மாலையாகப் போடுகிறார்கள்.

கூட்டம் கலையும்போது மேலாளர் என்னிடம் வந்தார். "வேற ஆள் வர்ற வரைக்கும் ஞாயித்துக்கிழமைல நீங்க வந்து அந்த ஸ்டாக் என்ட்ரியப் பாத்துக்கங்க கலா" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் திரும்பி நடந்தார். நான் பேசாமல் இருந்திருந்தால் அது முடிந்த விஷயம்.

"சார், என்னால முடியாது" என்றேன். கேன்டீன் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன். அவர் நின்றார். வேறு யாரோ பேசியதுபோல என்னைப் பார்த்தார்.

குணசீலன் சார் நினைவாக நான் வைத்துக்கொள்வது பாட்டோ பெட்டியோ அல்ல. அவர் சொல்லியிருக்க வேண்டிய 'முடியாது' நிறைய மீதம் இருக்கிறது. அவர் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தையை நான் எடுத்துக்கொண்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கும் கேட்டிருக்கிறார்கள். சொல்லிவிட்டேன்.