பகடி வீடு

எங்களுக்கு வீடு காட்டிய தரகருக்கு மிகவும் பிடித்த சொல் ஹெரிடேஜ். சுவரில் காரை உதிர்ந்திருந்தால் ஹெரிடேஜ். ஜன்னல் சாத்திக்கொள்ள மறுத்தால் ஹெரிடேஜ். குளியலறைக் குழாயைத் திறந்ததும் துருத் தண்ணீர் கொட்டியபோது அதற்கும் அந்தச் சொல்தான் வரும் என்று காத்திருந்தேன். "பைப் புரானா, மேடம், ரொம்பப் பழசு. மாத்திக்கலாம்" என்றார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

பம்பாயில், மாட்டுங்கா கிழக்கில், பூக்கடைகளைத் தாண்டி உள்ளே திரும்பும் சந்து அது. ஏழு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி ஒரே வரிசையில் நிற்கும். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். கீழே கூடமும் சமையலறையும், தேக்குப் படியேறினால் மேலே இரண்டு அறைகள். ஒவ்வொரு வீட்டுக்கும் தெருவைப் பார்த்துத் தனி வாசல், வாசலில் மூன்று கல்படி. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் நேராகத் தெருவில் கால் வைக்கலாம் என்பதற்காகவே அந்த வீடுகளில் இருப்பவர்கள் மற்றவர்களைக் கொஞ்சம் கீழே பார்ப்பார்கள். நாங்கள் வாங்க நினைத்தது நாலாவது வீடு.

அந்தச் சந்து எனக்குப் புதிதல்ல. தண்டவாளத்துக்கு மேற்கே லேபர் கேம்ப் என்ற குடிசைப் பகுதி, கிழக்கே இந்தச் சந்து, நடுவில் ரயில் பாலம். நான் பிறந்து வளர்ந்தது மேற்கே, பள்ளிக்கூடம் கிழக்கே. தினமும் இந்த ஏழு வாசல்களையும் கடந்துதான் போவேன். ஒருநாள் செருப்பு வார் அறுந்து, நாலாவது வீட்டுப் படியில் உட்கார்ந்து சரிசெய்துகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "படியில உக்காராதேடி, இப்பத்தான் அலம்பினேன்." அந்தப் படியை என்றாவது வாங்கிவிடுவேன் என்று அன்றைக்கே சபதம் எடுத்ததாகச் சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். உண்மையில் எழுந்து போய் அடுத்த வீட்டுப் படியில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் வடாலாவில் பிறந்தவர். புறநகர் ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நாங்கள் அன்றும் ஐரோலியில்தான் இருந்தோம், இன்றும் அங்கேதான் இருக்கிறோம், பதினொன்றாவது மாடியில், வாடகைக்கு. அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பழைய கட்டடங்கள் மீது மட்டும் எங்கிருந்தோ ஒரு பக்தி வந்திருந்தது. வீட்டை ஒருமுறைதான் பார்த்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பழைய சாமான் விற்கும் சோர் பஜாருக்குப் போய், யாரோ ஒரு மீசைக்காரர் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கும் பழைய படத்தைச் சட்டத்தோடு வாங்கி வந்துவிட்டார். படிக்கட்டுச் சுவரில் மாட்டினால் பொருத்தமாக இருக்குமாம். அவருடைய சொந்த அப்பாவின் படம் அலமாரியில் ரேஷன் கார்டுக்கு அடியில் கிடந்தது. அதை அவரிடம் சொன்னேன். அது பாஸ்போர்ட் சைஸ் என்றார்.

இப்போது பகடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பம்பாயின் பழைய வீடுகள் பல இந்த ஏற்பாட்டில்தான் கைமாறுகின்றன. இந்தியில் பகடி என்றால் தலைப்பாகை. ஏற்கெனவே குடியிருப்பவருக்கு ஒரு பெருந்தொகை கொடுக்க வேண்டும், அதில் ஒரு பங்கு கட்டடத்துச் சொந்தக்காரருக்குப் போகும். அவர் சம்மதித்தால் வாடகை ரசீதில் நம் பெயர் ஏறும். அதோடு சரி. வீடு நம்முடையதாகாது. மாதாமாதம் டீ குடிக்கிற காசுக்கு வாடகை கட்டிக்கொண்டு, ஆணி அடிக்கவும் அனுமதி கேட்டுக்கொண்டு, "எங்க மாட்டுங்கா வீடு" என்று சொல்லிக்கொள்ளலாம். படித்தவர்கள் ஆயுள் சேமிப்பைக் கொடுத்து வாடகைக்காரர்களாவதற்கு இவ்வளவு மரியாதையான பெயர் வேறெந்த ஊரிலும் கிடையாது.

எங்கள் சேமிப்பு போதவில்லை. மீதிக்கு அம்மாவின் ரூமை விற்பதாகத் திட்டம். லேபர் கேம்பில் ஒன்றரை அறை, மேலே ஒரு பரண். அப்பா தோல் பட்டறை வேலையிலேயே நுரையீரல் கெட்டுச் செத்துப்போனார். முனிசிபல் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்து அம்மாதான் அந்த ரூமைக் காப்பாற்றினாள். ஒருநாள் சர்க்கார் ஆட்கள் வந்து கணக்கெடுத்தார்கள். கையில் எண் எழுதிய சிலேட்டைக் கொடுத்து வாசலில் நிற்க வைத்துப் படம் பிடித்து, அங்கே குடியிருப்பதற்கு அத்தாட்சியாக அவள் பெயருக்கே ஒரு போட்டோபாஸ் தந்தார்கள். சிலேட்டைப் பிடித்தபடி முறைத்துக்கொண்டு நிற்பாள் அந்தப் படத்தில். பிளாஸ்டிக் உறையில் போட்டு, தகரப் பெட்டியில் பட்டுச் சேலைக்குள் வைத்திருந்தாள்.

பகடி என்று சொன்னதும் அம்மா சிரித்தாள். திருநெல்வேலிப் பக்கம் பகடி என்றால் கேலி.

"நல்லாத்தான் பேரு வச்சிருக்கான். துட்டையும் வாங்கிக்கிட்டு வாடகையும் வாங்குவான்னா அது பகடி இல்லாம என்னட்டி?"

"எம்மா, இது தலைப்பாகை. இந்தி வார்த்தை. ஒனக்குப் புரியாது."

"அப்பம் தலையில கட்டிட்டாம்னு சொல்லு" என்றாள். உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை முடித்தாள். பிறகு, "ஒனக்கு வேணும்னா வித்துக்க. நானும் அங்கனயே வந்து இருந்துக்கிடுதேன். மாடி மட்டும் ஏற மாட்டேன்" என்றாள். ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. நான் ஐந்து நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாதங்கள் எல்லாம் வீணாகிப் போயின.

காலி செய்து போகும் தம்பதி எழுபதைத் தாண்டியவர்கள். புனேயில் மகனிடம் போகிறார்கள். அந்த அம்மாள் எங்களை உட்காரவைத்து விசாரித்த அழகை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஜாதி என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. அதெல்லாம் நாகரிகம் இல்லாதவர்கள் கேட்பது.

"திருநெல்வேலின்னு சொன்னேள். டவுனா, வெளியிலயா?"

"டவுன்தான்."

"எந்தத் தெரு?"

"சின்ன வயசுலயே வந்துட்டோம் மாமி. தெரு ஞாபகம் இல்லை."

"இங்க மொதல்ல எங்க இருந்தேள்?"

"வடாலா." அது என் வீட்டுக்காரரின் ஊர். கூசாமல் எடுத்துக்கொண்டேன்.

அவர் என் நிறத்தையும் கழுத்துச் சங்கிலியையும் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார். பளபளவென்று தேய்த்த டவரா டம்ளரில் காபி வந்தது. பேப்பர் கப் வரவில்லை, ஆகவே நான் பாஸ். காபி சுமார்தான். "பேஷா இருக்கு" என்றேன். என் பிறந்த வீட்டில் ஒருவரும் சொல்லாத சொல் அது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்" என்றார், ஜன்னல் வழியாக ரயில் பாலம் இருக்கும் திசையைக் காட்டி. "அந்தப் பக்கத்து மனுஷாளுக்குப் போயிடப்படாது. அப்புறம் இந்தச் சந்தே போயிடும், பாருங்கோ."

நான் தலையாட்டினேன். பலமாகவே ஆட்டினேன். அந்தக் கிழவியை இவ்வளவு தூரம் வைதுகொண்டிருக்கிறேன், ஆனால் அவர் மனசில் பட்டதைச் சொன்னார். தலையாட்டியவள் நான்.

கட்டடத்துச் சொந்தக்காரரை யாரும் பார்த்ததில்லை. அவருக்கு ஒரு ஆபீஸ், ஆபீஸில் ஒரு கணக்குப்பிள்ளை. மராத்தியில் அச்சடித்த படிவம் ஒன்று கொடுத்தார். குடிவரப்போகிற ஒவ்வொருவரின் பெயர், உறவு, தற்போதைய விலாசம். எதிரே அவரவர் கையெழுத்து. மராத்திக்கும் இந்திக்கும் எழுத்து ஒன்றுதான், முதல் நாளே வீட்டில் உட்கார்ந்து நான்தான் நிரப்பினேன். என் பெயர், ஐரோலி. வீட்டுக்காரர் பெயர், ஐரோலி. அம்மாவின் பெயரை எழுதிவிட்டு அங்கேயும் ஐரோலி என்று எழுதினேன். கை தானாக எழுதிவிட்டது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கை தானாக எதையும் எழுதாது.

நான் மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. அம்மாவுக்குத் தமிழ்தான் படிக்க வரும், இந்தி வராது. ஆனால் முதன்முதலில் தனியாக ஐரோலிக்கு வந்தபோது இறங்கத் தெரியாமல் ரபாலே வரைக்கும் போய் அழுதுகொண்டு நின்றாள். அதற்குப் பிறகு எங்கள் ஸ்டேஷன் பலகையில் ஐரோலி என்று எழுதியிருக்கும் மூன்று இந்தி எழுத்துகளை மட்டும் என்னிடம் கேட்டுக் கேட்டுப் பாடம் செய்தாள். இந்த உலகத்தில் அவளுக்குப் படிக்கத் தெரிந்த ஒரே இந்தி வார்த்தையை நான் அவள் பெயருக்கு எதிரே எழுதி வைத்திருந்தேன்.

கையெழுத்துப் போடும் நாளன்று அம்மா கஞ்சி போட்ட சேலை கட்டி வந்தாள். அன்று மத்தியானமே அவள் ரூமைப் பார்க்க ஆள் வருவதாக இருந்ததால் பையில் போட்டோபாஸும் இருந்தது. ஆபீஸில் அந்தத் தம்பதி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். தரகர் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கணக்குப்பிள்ளை படிவத்தை அம்மா பக்கம் தள்ளினார். அம்மா எந்தக் காகிதமானாலும் விரலை ஓட்டிப் பார்ப்பாள், புரிந்தாலும் புரியாவிட்டாலும். விரல் ஓடி வந்து ஓரிடத்தில் நின்றது.

"ஏட்டி, இது ஐரோலில்லா?"

"கையெழுத்துப் போடும்மா."

"நான் எப்பம் ஐரோலில குடியிருந்தேன்?"

மாமி சிரித்தார். "வயசாச்சோல்லியோ, மறந்துடுத்து போலிருக்கு."

"எனக்கு ஒண்ணும் மறக்கல" என்றாள் அம்மா. "நான் லேபர் கேம்ப்லல்லா இருக்கேன், நாப்பது வருசமா. இந்தா, சர்க்கார் சீட்டு." போட்டோபாஸை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

நான் சிரித்தேன். மாமியைப் பார்த்து, மாமியின் பாஷையிலேயே, "அங்க சும்மா சாமான் போட்டு வெச்சிருக்கா மாமி" என்றேன். நாற்பது வருடம் அவள் படுத்து எழுந்து, என்னைப் பெற்று, அப்பாவின் பிணத்தைக் கிடத்திய இடத்தை ஒரு நொடியில் சாமான் அறையாக்கினேன்.

மாமி சிரிப்பை நிறுத்தினார். அம்மாவின் நாற்காலியை உரசிக்கொண்டிருந்த தன் முந்தானையை மெதுவாக இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய கணவர் மின்விசிறியைப் பார்த்தார். கணக்குப்பிள்ளை படத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சேட் கோ பூச்னா படேகா" என்று சொல்லி, முதலாளியைக் கேட்க வேண்டும் என்ற சாக்கில் படிவத்தை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். என் வீட்டுக்காரர் சட்டம் பேச ஆரம்பித்தார். கூகிளில் படித்த சட்டம். அவரை அங்கேயே விட்டுவிட்டு அம்மாவை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பூக்கடைகளைத் தாண்டுவதற்குள் தரகரின் போன். "மேடம், ஓனர் மூட் சேஞ்ச் ஆயிடுச்சு. வேற பார்ட்டி ரெடியா இருக்கு. டென்ஷன் வேணாம், செம்பூர்ல ஒரு ஹெரிடேஜ்…" கட் பண்ணினேன்.

நடுத்தெருவில் நின்று அம்மாவிடம் கத்தினேன். "ஒரு கையெழுத்துதானம்மா கேட்டேன்? வாய மூடிட்டுப் போட்டிருந்தா கொறஞ்சா போயிருப்ப?"

அம்மா பையின் ஜிப்பைத் திறந்து போட்டோபாஸ் இருக்கிறதா என்று பார்த்து மறுபடியும் மூடினாள்.

"ரூம வித்துத் தாரேன்னு சொன்னனா, இல்லியா?"

"சொன்ன."

"பொறவு விக்கதுக்கு முன்னாடியே அத எதுக்குட்டி இல்லாம ஆக்குன?"

அந்தத் தரகர், அந்த மாமி, அந்தக் கணக்குப்பிள்ளை, மீசைக்காரரின் படத்தோடு திரியும் என் வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரைப் பற்றியும் நான்கு வார்த்தை வைத்திருந்தேன். என்னைப் பற்றி ஒன்றும் இருக்கவில்லை.

பாலத்தின் அடிவரைக்கும் நடந்தோம். வழக்கமாக அங்கே வந்ததும் அம்மா, "ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போட்டி" என்பாள். எனக்கு நேரமில்லை என்பேன், திட்டுவாள், இருவரும் சேர்ந்து பாலம் ஏறுவோம். அன்றைக்கு அவள் மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முட்டி வலியில் ஒவ்வொரு படியாக ஏறினாள். நாலைந்து படி ஏறிய பிறகு நின்று திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

"பொங்கலுக்கு வந்தா வா" என்றாள். "வெலாசம் தெரியும்லா?"