நல்லா நடந்தா ஃபெயில்

தரையில் ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. ஸ்டேடியத்தின் பின்புறம், வலையும் கம்பமும் போட்டுவைக்கும் அறையைக் காலி செய்து, மேஜை போட்டு, அதை நேராக இழுத்து ஒட்டியிருந்தார்கள். ஒரு காலின் விரலை மறுகாலின் குதி தொட, அதன்மேல் நடக்க வேண்டும். என் தம்பி நடந்தான். கோவிலில் அடிப்பிரதட்சிணம் செய்பவனைப் போல மூச்சை அடக்கிக்கொண்டு, டேப்பை விட்டு விலகாமல் கடைசி வரை போய், நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் மேஜைப் பக்கம் பார்த்தேன்.

பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கான சர்வதேசக் கால்பந்துப் போட்டி அது. எங்கள் ஊரிலேயே நடந்தது. அணிக்கு ஏழு பேர். ஆடுவதற்கு முன் ஒவ்வொருவரையும் டாக்டர்கள் சோதித்து வகை பிரிப்பார்கள். பாதிப்பு போதாது என்று தோன்றினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாசலில் காத்திருந்த கோல்கீப்பர் பையன் இதைத்தான் சொன்னான். "மச்சா, ஊர்ல எல்லாம் நல்லா நடந்தா பாஸ். இங்க நல்லா நடந்தா ஃபெயில். பாத்து நட." தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவன் உடம்புக்குத்தான் அந்த ஜோக் புரியவில்லை. அந்நியர் முன்னால் போகிறோம் என்று, பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி, விடிந்ததும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து எண்ணெய் தடவி உருவிக் கையைக் காலை இளக்கிக்கொண்டு வந்திருந்தான்.

எங்கள் பேட்டை மர்பி டவுனில் அவனைத் தெரியாதவர்கள் இல்லை. அவனுக்கு என்ன என்று தெரிந்தவர்கள் குறைவு. இடது கால் லேசாக இழுக்கும். இடது கை முழங்கையில் மடங்கி மார்போடு வந்து ஒட்டும். அந்தக் கையில் எப்போதும் ஒரு ஹெல்மெட் தொங்கும். அவனிடம் வண்டி கிடையாது. ஹெல்மெட்டுக்காகக் கை மடங்கியிருக்கிறது என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். சேர்ந்து நடக்கிறவர்கள் வேகம் கூட்டினால் போன் வந்ததுபோல நின்றுவிடுவான். அவன் சட்டைகளில் பட்டன்கள் வெறும் அழகுக்கு; உள்ளே அம்மா ஒரு கையாலேயே அழுத்திப் பூட்டும் டிச் பட்டன் வைத்துத் தைத்திருந்தாள். அம்மா போனபிறகு நான் தைத்தேன். இதையெல்லாம் நாங்கள் வாய்விட்டுப் பேசியதில்லை. எங்களுக்குத் தெரியாது என்று அவன் இருந்தான், தெரியாததைப் போல நாங்கள் இருந்தோம். மழையில் ஒரே குடைக்குள் போகிறவர்கள் நனைந்த தோளைப் பற்றிப் பேசாமல் போவதுபோல ஒரு போக்கு. அதற்கு அன்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

இங்கிலீஷ் கேட்டால் அவனுக்குப் புரியும், பேச வராது. அதனால் துணைக்கு என்னை உள்ளே விட்டிருந்தார்கள். வெளிநாட்டு டாக்டரம்மா மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டே போனார். சட்டை போட முடியுமா? "முடியும்." படி இறங்க? "முடியும்." இரண்டு கையாலும் பாரம் தூக்க? "அதெல்லாம் தூக்குவேன், நான் வேல செய்ற கடையில பேப்பர் பண்டல் யாரு தூக்குறதாம்?" நான் மொழிபெயர்த்தேன். டாக்டரம்மா பேனாவை மூடினார். பாதிப்பு மிகக் குறைவாகத் தெரிகிறதே என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். எங்களோடு உள்ளே வந்திருந்த கோச் என் பக்கம் குனிந்தார். "மேடம், ஸ்வல்ப, கொஞ்சம் நீங்க சொல்லுங்க. இவன் சொல்ல மாட்டான். இப்படியே போனா இன்னைக்கே வீட்டுக்குதான்." பல மாதம் அதிகாலையில் எழுந்து கிரவுண்டுக்குப் போனவன். நீல ஜெர்ஸியைக் கடையில் எல்லாருக்கும் காட்டியாகிவிட்டது.

நான் சொன்னேன். தயங்கித் தயங்கிச் சொல்லியிருந்தால்கூட இன்று கொஞ்சம் தலைநிமிர்ந்து எழுதுவேன். தயங்கவில்லை. டிச் பட்டனைச் சொன்னேன், ஹெல்மெட்டைச் சொன்னேன். படியிறங்கும்போது யாரும் இல்லையென்றால் சுவரோடு சுவராக உரசி இறங்குவதை, பண்டலைக் கையால் இல்லாமல் வயிற்றால் அணைத்துத் தூக்குவதை, குளிர்காலத்தில் தூக்கத்தில் கால் வெட்டி இழுக்கும்போது தலையணையைக் கடித்துக்கொள்வதை. மனப்பாடப் பாட்டு மாதிரி வந்தது. ஒவ்வொன்றுக்கும் டாக்டரம்மா தலையசைக்க, எனக்குள் ஒரு வெற்றிக் களிப்பு ஏறியதே, அதை எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது? தம்பி பெஞ்சில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இங்கிலீஷ் புரியாமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுபடி சோதித்தார்கள். சாயங்காலம் பட்டியலில் அவன் பெயர் வந்துவிட்டது.

திரும்பும் பஸ் அல்சூர் வந்ததும் கேட்டான்.

"ஹெல்மெட்டு, தலகாணி எல்லாம் எப்பருந்துக்கா தெரியும்?"

"எப்பவுமேதான்டா."

"அம்மாக்கு?"

"அம்மாக்கும்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னான்: "அப்போ நான் யாரை ஏமாத்தினு இருந்தேன்?"

 

முதல் ஆட்டத்துக்குப் போனேன். வெயில், பீப்பி, பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்த பிள்ளைகளின் கூச்சல். கை மார்பில் ஒட்டியிருக்க, கால் இழுத்து இழுத்து, என் தம்பி முழு வேகத்தில் ஓடினான். அவன் முழு வேகத்தை அதற்கு முன் நான் கண்டதே இல்லை. பந்தோடு கோலை நெருங்கும்போது எதிரணிக்காரன் கால் குறுக்கே வந்தது. சட்டென்று என் கண் ஸ்கோர் போர்டுக்குப் போய்விட்டது. அவன் தடுமாறினால் வேறெங்காவது பார்ப்பது எங்கள் வீட்டுப் பழக்கம்; ரசம் கொதிக்கிறதா, வாசலில் யார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை வந்துவிடும். பெரிய ஆரவாரம் எழுந்தது. திரும்பியபோது நடுவர் பெனால்டி காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் அணியில் இன்னொருவன் அடித்தான். கோல்.

ஆட்டம் முடிந்து கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். முழங்காலில் புல்லும் சேறும்.

"அக்கா, நான் விழுந்தது பாத்தியா? அதுக்குதான் பெனால்டியே."

"பாத்தேன்டா."

"எப்படி விழுந்தேன், சொல்லு."

"மொதல்ல முழங்கால தொடடா." 

"டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சியே. இதச் சொல்லேன் பாக்கலாம்."

குரலில் கேலிதான் இருந்தது என்று இன்றும் நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் தண்ணீர் பாட்டிலைப் புல்லில் வைத்துவிட்டு, கொஞ்சம் பின்னால் போய், அத்தனை பேர் நடுவிலே ஓடி வந்து, கால் பின்ன, தடாலென்று விழுந்தான். படுத்தபடியே தலையைத் தூக்கி, நான் பார்க்கிறேனா என்று பார்த்தான்.

பார்த்துக்கொண்டிருந்தேன்.